மிதிக்காத மண்

என் அக்கா புருஷனுக்கு ஊர் வைத்த பெயர் பூனைக்கால். விதை போட்ட மண்ணில் அவர் கால் அழுந்தி யாரும் பார்த்ததில்லை. குச்சியால் குழி போட்டு, இரண்டு விதை இட்டு, பாதத்தின் ஓரத்தால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு நகர்ந்துவிடுவார். நாங்கள் யாராவது மிதித்துவிட்டால் போதும், வாயில்லாப் பூச்சியான மனிதர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்.

"உள்ள மூச்சு முட்டும் மச்சான்!"

நாட்டில் சண்டை வந்ததும் அவரைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அங்கே ஒரு அதிகாரி அவருடைய உள்ளங்கைக் காய்ப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, துப்பாக்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டு மண்வெட்டியைக் கொடுத்தாராம். சண்டையில் செத்து விழுந்தவர்களைப் புதைக்கும் வேலை. அவர் எதிரியை விரட்டி விரட்டிச் சுட்டதாக எங்கள் ஊரில் இன்றும் அளந்துகொண்டிருக்கிறார்கள். அவர் ஒரு காக்காயைக்கூடச் சுடவில்லை. நூல் பிடித்தமாதிரி வரிசை வரிசையாக ஆட்களைப் புதைத்துக்கொண்டிருந்தார்.

பழக்கம் விடுமா? மூடிய மண்ணை மிதிக்காமல் வந்துவிட்டார். அன்றைக்கு அடைமழை. விடிந்து பார்த்தால் மண் கரைந்து விரல்கள் வெளியே நின்றன, வரிசை தப்பாமல். முளைத்தமாதிரியே இருந்தது என்று அக்காவிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

"மறுபடி மூடு! ஏறி மிதி!" என்று அதிகாரி கத்தினார். மிதித்தார். ஓரிடத்தில் காலுக்கடியிலிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது. அவர் குனிவதற்குள் அதிகாரி, "அடுத்தது," என்றார்.

திரும்பி வந்தவர் பழையபடி விதைத்தார். ஆனால் மூடிய ஒவ்வொரு குழிமேலும் ஏறி நின்று, இரண்டு காலாலும் ஓங்கி மிதித்தார். மண் பாறையாக இறுகிப்போய் அந்தப் போகம் ஒரு முளைகூட வரவில்லை. குத்தகை நிலம். அடுத்த போகமும் இப்படியென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். நிலம் போனால் அக்கா வீட்டில் அடுப்பு எரியாது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அத்தான், விதையை மிதிச்சே கொல்றீங்களே, புத்தி கெட்டுப்போச்சா?"

"மிதிக்கலைன்னா வெளிய வந்துடும் மச்சான்."

"வரட்டுமே! அதுக்குத்தானே விதைக்கிறோம்?"

அவர் வெறும் வயலை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த விதைப்பு அன்று, அவர் போட்ட முதல் குழியில் அக்கா தன் கையை வைத்தாள்.

"மூடுங்க."

மூடினார்.

"இப்ப மிதிங்க."

காலைத் தூக்கினார். தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது. "கையை எடுடி."

"மாட்டேன். மிதிங்க."

அவள் உள்ளே விரல்களை அசைத்தாள். மேல்மண் மெல்ல எழும்பித் தாழ்ந்தது. அவர் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதார். நானும் அழுதேன், வெட்கமென்ன. அப்புறம் குழிக்குக் குழி அக்கா கை வைத்து எடுக்க, அவர் பின்னால் பாதத்தின் ஓரத்தால் மண்ணைத் தள்ளிக்கொண்டே போனார்.

முளைத்தது. நிலமும் கையை விட்டுப் போகவில்லை. ஆனால் வயல் நடுவே ஓர் ஆள் நீளத்துக்கு மட்டும் அவர் விதைக்கவே இல்லை. சுற்றிக்கொண்டுதான் நடப்பார்.

"அங்க மூச்சு கேக்குது மச்சான்," என்றார். கிண்டல் பண்ண வாயெடுத்தவன் அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

பல வருஷம் கழித்துக் காய்ச்சலில் போய்ச்சேர்ந்தார். அந்த இடத்தில்தான் தன்னை வைக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார். நிலத்துக்காரரும் மறுக்கவில்லை. குழி வெட்டியவர் மண்ணை மூடிவிட்டு, வழக்கம்போல ஏறி மிதிக்கக் காலைத் தூக்கினார். அக்கா குனிந்து உள்ளங்கையை மண்மேல் வைத்தாள். வெட்டியவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. காலையில் யாரும் கூப்பிடாமலே ஊர் முழுக்க வயலுக்குப் போனோம். மிதிக்காத மண் மழையில் கரைந்திருக்குமோ என்ற பயம் எல்லோருக்கும். மண் கரையாமல் அப்படியே இருந்தது. அக்கா எங்களுக்கு முன்பே வந்து, அந்த ஈரமண்ணில் காதை வைத்துப் படுத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும், சத்தம் போடாதீர்கள் என்று கையைக் காட்டினாள்.