லவோன் அத்தையின் செவ்வாய்க்கிழமை வான்கோழி

லவோன் அத்தை ராத்திரிச் சாப்பாட்டைக் காலை ஐந்தேகாலுக்கே முடித்துவிடுவாள். மாட்டிறைச்சி, வெங்காயம், ஒரு டப்பா காளான் சூப். மூன்றையும் ஸ்லோ குக்கரில் கொட்டி, மூடி, ஸ்விட்சைத் தட்டிவிட்டுப் பள்ளிக்கூடப் பஸ்ஸை எடுக்கக் கிளம்புவாள். சாயங்காலம் வந்து மூடியைத் திறந்தால் கறி நார் நாராகப் பிரிந்து கிடக்கும். பத்து நிமிடத்தில் நூடுல்ஸ் வேகும். சாப்பாடு ரெடி.

இப்படித்தான் மூன்று பிள்ளைகளையும் டுவேன் மாமாவையும் அவள் வளர்த்தாள். மாமாவையும் சேர்த்துத்தான். தானியக் கிடங்கில் மலை மலையாகச் சோளத்தை ஏற்றி இறக்கும் மனிதர், வீட்டில் ஒரு முட்டையை உடைக்கச் சொன்னால் அக்கம்பக்கம் பார்ப்பார்.

எங்கள் ஊரில் அவள் பஸ்ஸில் ஏறாத பிள்ளை கிடையாது. ஏறும்போதே அவள் கோட்டை மோந்து பார்ப்பார்கள்.

"லவோன், இன்னைக்கு உங்க வீட்ல மிளகாய் பீன்ஸா?"

"உக்காருடா மொதல்ல."

"சொல்லுங்க. சொன்னாதான் உக்காருவேன்."

"பீன்ஸ்தான். உங்கம்மாகிட்ட சொல்லிடாத, அவ இன்னைக்கும் சிக்கன்தான் செய்யப் போறா, பாவம்."

வார நாட்களில் இந்த வட்டாரத்தில் அத்தையை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. முப்பத்தைந்து நிமிடம், ஒரு பாத்திரம், நாலு வயிறு. ஆனால் பண்டிகை என்று வந்தால் அவளுக்குக் கொடுக்கப்படும் வேலை ஒன்றே ஒன்று. பன்.

இதற்குக் காரணம் என் அம்மா ஆர்டெல். டுவேன் மாமாவின் அக்கா. அத்தை கல்யாணமாகி வந்த முதல் தேங்க்ஸ்கிவிங்குக்கு, அதாவது நவம்பர் வான்கோழிப் பண்டிகைக்கு, ஆசை ஆசையாகக் காட்டரிசி ஹாட்டிஷ் ஒரு தட்டு செய்துகொண்டு போனாள்; அரிசி, கறி, சூப் எல்லாம் ஒரே தட்டில் கலந்து ஓவனில் வேகவைப்பது. அதில் பூண்டு போட்டிருந்தாள். பொடி இல்லை, நிஜப் பூண்டு, நாலு பல். என் தாத்தா ஒரு வாய் வைத்துவிட்டு, கரண்டியை மெதுவாகக் கீழே வைத்து, "ம்ம். வித்தியாசமா இருக்கு" என்றார்.

எங்கள் பக்கத்தில் இதைவிடக் கொடுமையாக யாரும் யாரையும் திட்டமாட்டார்கள். அந்தத் தட்டு அப்படியே திரும்பிப் போனது. அடுத்த வருஷம் அக்டோபரில் அம்மா போன் செய்தாள். அம்மாவின் குரல் மூக்கின் மாடியிலிருந்து இறங்கி வரும். ஒவ்வொரு வார்த்தைக்கும் இஸ்திரி போட்டிருக்கும். "லவோன், நீ பன் கொண்டு வந்துடேன். கடைல வாங்கினதே போதும். உனக்கெதுக்கு சிரமம்."

அப்படி இருபத்து நாலு வருஷம் ஓடியது. இருபத்து நாலு வருஷமும் அத்தை பன் பொட்டலத்தோடு வந்து, மேஜை ஓரத்தில் உட்கார்ந்து, அம்மாவின் காய்ந்துபோன வான்கோழியைத் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கிவிட்டுப் போனாள். ஒரு தடவையாவது அந்தச் சாப்பாட்டைத் தன் கையால் செய்து போட வேண்டும் என்பது அவள் ஆசை. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கேட்டது போல ஆகிவிடும். நாங்கள் கேட்கமாட்டோம்.

இந்த வருஷம் அக்டோபரில் அம்மாவுக்குத் தோளில் ஆபரேஷன். வலது கை கழுத்தில் மாட்டிய துணிக்கட்டில் தொங்கியது. நவம்பர் முதல் வாரம் போனை மேஜைமேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, அத்தையைக் கூப்பிட்டாள். நான் எதிரே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"லவோன், இந்தத் தடவ வான்கோழிய நீ செய்யேன். உங்க வீட்லயே வெச்சுக்கலாம்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாய் நின்றது. பிறகு அத்தை சொன்னாள், "ஐயையோ, அதெல்லாம் எதுக்கு ஆர்டெல். உன்ன மாதிரி வருமா."

இது சரியான பதில். முதல் தடவை யாராவது எதையாவது கொடுத்தால் மறுக்க வேண்டும். இரண்டாம் தடவையும் மறுக்க வேண்டும், கொஞ்சம் இழுத்து. மூன்றாம் தடவை கேட்டால், "சரி, உனக்கு அதுதான் வசதின்னா" என்று வாங்கிக்கொள்ளலாம். காபியிலிருந்து கல்யாணம் வரைக்கும் இதுதான் எங்கள் நடைமுறை.

"நிஜமாத்தான் சொல்றேன்," என்றாள் அம்மா.

"இல்ல ஆர்டெல்... எங்க வீடு வேற சின்னது..."

இழுத்தாயிற்று. மூன்றாவதற்காக அம்மா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து நான் ஜன்னல் வழியே ஒன்றைக் கண்டேன்.

"அம்மா, பனி வழிக்கிற லாரி நம்ம தபால் பெட்டியத் தூக்கிட்டுப் போகுது."

"என்னது? லவோன், வைக்கிறேன்."

வைத்துவிட்டாள். தபால் பெட்டி இரண்டு வீடு தள்ளிக் கிடைத்தது. மூன்றாவது கேள்வி கிடைக்கவே இல்லை. இரண்டு நாள் கழித்து அம்மா ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சமைத்தே பெட்டியில் கொடுக்கும் தேங்க்ஸ்கிவிங் சாப்பாட்டுக்குச் சொல்லிவைத்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அத்தை வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். நூடுல்ஸை வடிகட்டுகிற வேகத்தைப் பார்த்ததுமே செய்தி எட்டிவிட்டது என்று புரிந்தது.

"பெட்டியாமே," என்றாள்.

"ஆமா அத்தை."

"நல்லதுதான். சுலபம்." இன்னொரு உதறு உதறினாள். சுவரில் இரண்டு நூடுல்ஸ் ஒட்டிக்கொண்டன.

"அத்தை, நீங்களே போன் பண்ணி செய்றேன்னு சொல்லிடுங்களேன்."

நான் துணியில்லாமல் சர்ச்சுக்குப் போகச் சொன்னது போலப் பார்த்தாள். "கேட்டப்ப ரெண்டு தடவ மாட்டேன்னேன். இப்ப நானே போய் நின்னா என்ன நெனப்பா?"

மாமா தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "அவ மூணாவது தடவ கேக்கலியா?"

"கேக்கல."

"ச்ச," என்றார் மாமா. அவர் வாழ்க்கையில் பேசிய மிகக் கோபமான பேச்சு அதுதான்.

வீட்டுக்கு வந்து என் அறைக் கதவைச் சாத்தினேன். அம்மாவின் பழைய செல்போன் என்னிடம்தான் இருந்தது. அதை எடுத்து அத்தையைக் கூப்பிட்டேன். மூக்கின் மாடிக்கு ஏறி, இஸ்திரியை எடுத்துக்கொண்டேன்.

"லவோன், ஆர்டெல் பேசறேன். அந்தத் தபால் பெட்டி கலாட்டாவுல பேச்சு பாதியில நின்னுடுச்சு. வான்கோழிய நீயே செஞ்சிடு. ரொம்ப நன்றி."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம்.

"சரி ஆர்டெல்," என்றாள் அத்தை. "உனக்கு அதுதான் வசதின்னா."

பாதி வேலை முடிந்தது. மறுநாள் காலை அம்மாவின் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். "வான்கோழிக்கு அத்தை சரின்னுட்டாங்களாம்."

"எப்ப? நான் எப்பக் கேட்டேன்?"

"உனக்கே ஞாபகமில்லியா? வலி மாத்திரை போட்டிருந்தப்ப."

அம்மா என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். "நான் என்ன சொன்னேன்?"

"நன்றிகூடச் சொன்ன."

"ஓ," என்றாள் அம்மா. அவ்வளவுதான். கொடுத்ததைத் திரும்ப வாங்குவது எங்கள் ஊரில் திருட்டுக்குச் சமம். ஆனால் கடையில் சொல்லிவைத்த பெட்டியை மட்டும் அவள் வேண்டாமென்று சொல்லவில்லை.

தேங்க்ஸ்கிவிங் வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. அம்மா காலை எட்டு மணிக்கே என்னைக் கார் ஓட்டச் சொன்னாள், ஒத்தாசைக்காம். டிக்கியில் கம்பளிக்கு அடியில் அந்தப் பெட்டி இருந்தது.

கதவைத் திறந்த அத்தை இன்னும் நைட்டியில் இருந்தாள். பள்ளி லீவு நாளில் ஒரு மணி நேரம் அதிகம் தூங்கியிருக்கிறாள்.

"எல்லாம் ஆறரைக்கே போட்டுட்டு மறுபடி படுத்துட்டேன் ஆர்டெல். முழு வான்கோழிய ஓவன்ல வெச்சு அஞ்சு மணி நேரம் காவல் காக்க நான் என்ன வாட்ச்மேனா? துண்டு போட்டு நாலு ஸ்லோ குக்கர்ல பிரிச்சுட்டேன். ஒண்ணு என்னுது, ரெண்டு பக்கத்து வீட்டுது, ஒண்ணு சர்ச்சுது."

அம்மா சமையலறைக்குள் போய் நல்ல கையால் முதல் குக்கரைத் தொட்டாள். இரண்டாவதைத் தொட்டாள்.

"லவோன், இது சூடா இருக்கணுமா?"

நாலும் ஜில்லென்று கிடந்தன. அப்போது மாமா வெளியிலிருந்து கையில் காகிதக் கோப்பையோடு வந்தார். ஆறே முக்காலுக்கு அவர் காபி மிஷினை அதே ப்ளக் வரிசையில் போட்டிருக்கிறார். ஃபியூஸ் போயிருக்கிறது. மிஷின்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து, பெட்ரோல் பங்க்கில் காபி வாங்கக் காரை எடுத்துக்கொண்டு போய், அங்கே அரட்டையடித்துவிட்டு இப்போதுதான் வருகிறார்.

"என்னை எழுப்பக்கூடாதா?"

"நல்லாத் தூங்கிட்டிருந்த," என்றார் மாமா. "தொந்தரவு பண்ண வேணாம்னு பார்த்தேன்."

பதினாலு பேர் பன்னிரண்டு மணிக்கு வரப்போகிறார்கள். அம்மா தொண்டையைச் செருமினாள்.

"லவோன், கார்ல ஒரு பெட்டி இருக்கு. சும்மா எதுக்கும் இருக்கட்டுமேன்னு..."

"வேணாம் ஆர்டெல்."

"எல்லாம் வெந்தது. சூடு பண்ணினாப் போதும்."

"பரவால்ல. வேணாம்."

அம்மா என்னைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். "லவோன். எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?"

மூன்றாவது. மாமா காபியை வாயருகே பிடித்தபடி நின்றார்.

"வேணாம்," என்றாள் அத்தை.

எங்கள் குடும்பத்தில் இதற்குமுன் யாரும் மூன்றாவது தடவை மறுத்ததில்லை. அடுத்து என்ன செய்வதென்று அம்மாவுக்குத் தெரியவில்லை. கதவுக்கும் அடுப்புக்கும் நடுவே அப்படியே நின்றாள்.

அத்தை நைட்டிக்கு மேலேயே ஏப்ரனைக் கட்டினாள். "நாலு மணி நேரம் இருக்கு. செவ்வாய்க்கிழமைல எனக்கு முப்பத்தஞ்சு நிமிஷம்தான். டுவேன், ஃபியூஸப் போடுங்க. நீ வா, கறிய எலும்புலேர்ந்து கழட்டு."

நான் கழட்டினேன். அவள் துண்டு துண்டாக வெட்டி வெண்ணெயில் வதக்கினாள். கராஜ் ஃப்ரீசரிலிருந்து வேகவைத்த காட்டரிசிப் பொட்டலங்கள் வந்தன. அவற்றில் ஒட்டியிருந்த சீட்டை அம்மா படித்தாள். "'யாராவது செத்தா.' யார் செத்தா?"

"இன்னும் யாரும் சாகல. துக்க வீட்டுக்குன்னு எப்பவும் ஆறு வெச்சிருப்பேன். இந்த வாரம் எல்லாரும் கொஞ்சம் பொறுத்துக்கட்டும்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. தோள் வலித்ததால் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். அத்தை அவள் முன்னால் உறைந்த உருளைக்கிழங்கு உருண்டைப் பையைத் தள்ளினாள். "ஒரு கையால செய்யலாம். ஹாட்டிஷ் தட்டு மேல வரிசையா அடுக்கு. கோணக்கூடாது."

இருபத்து நாலு வருஷம் அந்தச் சாப்பாட்டை ஆண்டவள், உட்கார்ந்து உருளைக்கிழங்கு அடுக்கினாள். கோணவில்லை. அத்தை பூண்டு நசுக்கியதைப் பார்த்துவிட்டு, அடுத்த உருண்டையை எடுத்தாள்.

மூன்றாவது வரிசையில் அம்மா நிமிராமலே கேட்டாள். "உனக்கு அந்த போன் நான் பண்ணலன்னு தெரியும்தானே?"

நான் எலும்புகளை அள்ளிக்கொண்டு குப்பைக்கூடைப் பக்கம் நகரப் பார்த்தேன்.

"தெரியாம என்ன," என்றாள் அத்தை. "நீ என்னைக்கு நன்றி சொல்லியிருக்க?"

"மாத்திரைய நான் ரெண்டு நாள்தான் போட்டேன். எல்லாம் ஞாபகம் இருக்கு."

"அப்ப ஏன் சும்மா இருந்த?"

அம்மா ஓர் உருண்டையை நேராக்கினாள். "மூணாவது தடவ கேக்காம வெச்சது எனக்கு உறுத்திட்டே இருந்துச்சு. திரும்பக் கூப்பிட்டா உன்னைக் கட்டாயப்படுத்தற மாதிரி ஆயிடும்னு விட்டுட்டேன்."

"நீ போன வெச்ச அன்னைக்கு ராத்திரி நான் தூங்கவே இல்ல ஆர்டெல்."

"நானும்தான்." இரண்டு பேரும் சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள். "பாத்திரமெல்லாம் யாரு கழுவறது?" என்றாள் அம்மா. "குரல் நல்லா இருக்கறவங்கதான்," என்றாள் அத்தை.

பன்னிரண்டுக்கு நாலு பெரிய தட்டு ஹாட்டிஷ் ஓவனிலிருந்து வெளியே வந்தது. மேலே பொன்னிறம், ஓரத்தில் குமிழி, அடியில் வான்கோழி பஞ்சு போல. பதினாலு பேரும் முதலில் அதைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். பிறகு கரண்டிச் சத்தம் மட்டும்தான். எங்கள் ஊரில் வாய்விட்டுப் பாராட்டினால் எதிராளிக்குக் கூச்சமாகிவிடும். எனவே பெரியப்பா வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டே மூன்று தடவை போட்டுக்கொண்டார். பெட்டி டிக்கியிலேயே கிடந்தது. வெளியே மைனஸ் ஆறு, அதற்கு ஒன்றும் ஆகாது.

அம்மா இடது கையால் மெதுவாகச் சாப்பிட்டாள். தட்டு காலியானதும், அத்தை "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்பதற்காகக் காத்திருக்க வேண்டும். அதற்கு இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஆனால் அத்தை அந்த மூலையில் என் தம்பிக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

அம்மா எழுந்தாள். காலித் தட்டை எடுத்துக்கொண்டு, இத்தனை பேர் பார்க்க, மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் அத்தை முன்னால் நீட்டினாள்.

"லவோன், எனக்கு இன்னும் வேணும்."

அத்தை கரண்டியை முழுசாக நிரப்பினாள்.

"ஓரம் முறுகலா இருக்கே, அதுவும்," என்றாள் அம்மா.