உமர் ஃபாரூக்கின் ஐந்து லிட்டர் கேன்

அடையாறில் ஆட்டோ ஓட்டும் உமர் ஃபாரூக், பெட்ரோல் விலை ஏறும் நாளெல்லாம் பங்க்கில் ரகளை செய்வார்.

"வெலைதான் ஏறிக்கினே போவுது, அளவாச்சும் கரீட்டா கீதா? கவர்மெண்டு முத்திர குத்துன அஞ்சு லிட்டர் கேன எடு நைனா, அளந்து காட்டு!"

அளவு எப்போதும் சரியாகவே இருந்துவிடும். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நேற்று சோதனைக்கு வந்த அரசு அளவை ஆய்வாளர் ஸ்ரீரஞ்சனி, இந்த ரகளையைப் பார்த்து அசந்துபோனார். "உங்கள மாதிரி எல்லாரும் கேட்டா எங்க வேலை பாதி முடிஞ்சிரும்" என்று பாராட்டி, பெசன்ட் நகர் போக உமரின் ஆட்டோவிலேயே ஏறினார்.

உமர் பெருமையாக வண்டியைக் கிளப்பினார்.

"மீட்டர் மேல எதுக்குத் துண்டு?" என்றார் ஸ்ரீரஞ்சனி. "ஆட்டோ மீட்டரையும் சரிபாத்து முத்திரை போடுறது எங்க ஆபீஸ்தான்."

உமர் துண்டைத் தொடவே இல்லை. "பெட்ரோலப் பத்தியே பேசிக்கினு போலாம் மேடம்!"