துடைக்கப்படாத வரைபடம்

இலங்கை மலையகத்து டிக்கோயாவில் விடுதியாக மாற்றப்பட்ட பழைய துரை பங்களா ஒன்றிற்குக் கோயில் திருவிழா அழைப்போடு சென்றிருந்தேன். முதலாளிக்காகக் காத்திருக்கையில், வெள்ளைச் சட்டை அணிந்த நெடிய சமையற்காரர் ஒருவர் கூடத்துச் சுவரிலிருந்த படங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்று உல்லாசத் தலமாகிவிட்ட தென் கடற்கரை ஊரொன்றின் ஆங்கிலேயர் கால வரைபடத்தை மட்டும் அவர் தொடவில்லை. அதன் கண்ணாடியில் தூசி படிந்திருந்தது.

காரணம் கேட்டேன்.

“எம் மக அந்த ஊரு ஹோட்டல்லதாங்க துணி தொவைக்குது. காய்ச்சல்ல படுத்துருச்சு. போய்ப் பாக்க ரெண்டு நாள் லீவு கேட்டேன். மொதலாளி என்னைய இதுக்கு முன்னால நிறுத்தி, ‘இந்தா கடக்கரை, நல்லா பாத்துக்க பெருசு’ன்னாரு. தங்க வந்தவங்கல்லாம் சிரிச்சாங்க. இதுல தென்னந்தோப்பும் மீன் புடிக்கிறவங்க வாடியுந்தாங்க இருக்கு. ஹோட்டலே இல்ல. எம் புள்ளைய இதுல எங்க பாக்குறது?”

அப்போது உள்ளே வந்த முதலாளி, “அபூர்வமான மேப்புங்க ஐயா” என்று பெருமை பேசினார்.

“மொதல்ல இவருக்கு லீவு குடுங்க தம்பி” என்றேன்.

“சீசன் நேரங்க ஐயா. இவரு போனா யாரு சமைக்கிறது?”

கோபத்தில் அழைப்பைக் கொடுக்காமலே எழுந்தேன். சமையற்காரர் முதலாளிக்குத் தேநீர் ஊற்றினார். ஒரு துளியும் சிந்தவில்லை. அவர் கை எவ்வாறு நடுங்காமல் இருந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.