தாயின் துண்டுக்குள் இருந்த தாள்

ஆஸ்பத்திரிப் பதிவறையில் என் வேலை, வீட்டுக்குப் போன நோயாளிகளின் துண்டுகளை, அதாவது வார்ட்டில் எழுதிய சிகிச்சைக் குறிப்புக் கட்டுகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் தடித்த புத்தகத்தில் உள்ள குறியீட்டைப் போடுவது. சாதாரண தரம் வரைதான் படித்தவள். ஆட்களோடு கதைக்கக் கூச்சம், கடதாசிகளோடு இல்லை.

ஒரு காலை, கனமூலை ஊரிலிருந்து ஒரு இளம் தாய் ஜன்னலுக்கு வந்தாள். கையில் பிறந்து பத்து நாளான ஆண்பிள்ளை. பின்னால் மாமி.

“ராத்தா, வீட்டுக்கு விடக்குள்ள தந்த அட்டையில புள்ளைக்குக் குடல்ல இரத்தப் போக்குன்னு இருக்காம். அதப் பார்த்துட்டு, சுன்னத்து வைக்கிற டொக்டர் ஏலாதுன்னுட்டார்.”

“எங்கட குடும்பத்துல இப்படி ஒண்டும் இல்ல” என்றார் மாமி, என்னிடம் சொல்வதுபோல. மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிள்ளையின் துண்டை எடுத்தேன். இரண்டாம் நாள் இரத்த வாந்தி, மலத்திலும் இரத்தம். இரத்தப் போக்கு வராமலிருக்கப் போடும் விட்டமின் கே ஊசியைப் பிறந்தவுடனேயே போட்டிருந்தார்கள். புத்தகத்தில் அந்த நோய்க்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: பிள்ளை விழுங்கிய தாயின் இரத்தமென்றால் இந்தக் குறியீடு இல்லை, வேறு. அதைப் பரிசோதிக்கச் சொல்லி டொக்டர் எழுதியிருந்தார். முடிவுத் தாளைத்தான் காணவில்லை.

எங்கே போயிருக்கும் என்று யோசித்தேன். எங்கள் ஆட்கள் ஏழாம் நாள்தான் பெயர் வைப்பார்கள். அதுவரை பிள்ளையின் தாள்களில் எல்லாம் தாயின் பெயர். தாயின் துண்டைத் தேடிப் பிரித்தேன். உள்ளே இருந்தது அந்தத் தாள்: இரத்தம் தாயுடையது. முதல் நாள் பக்கத்தில் தாதியின் எழுத்து: முலைக்காம்பு வெடித்து இரத்தம் கசிகிறது.

குறியீட்டை நான் போடலாம். அட்டையை டொக்டர்தான் மாற்ற வேண்டும். படிக்கட்டுவரை போய் இரண்டு தரம் திரும்பினேன். மூன்றாம் தரம் ஏறிவிட்டேன்.

“என்ன, பதிவறை ஆள் மேல வந்திருக்கீங்க? அலுமாரி விழுந்துட்டா?” என்றார் பிள்ளைகள் வார்ட் டொக்டர். தாதிகள் சிரித்தார்கள்.

இரண்டு துண்டுகளையும் மேசையில் விரித்து, மூன்று இடங்களில் விரல் வைத்துக் காட்டினேன். சிரிப்பு நின்றது. அவர் இரண்டு தரம் படித்தார். கீழே நின்றவர்களை மேலே கூப்பிட்டு, பிள்ளையின் உடம்பை முழுக்கப் பார்த்தார்.

“இத நாங்கதான் பார்த்திருக்கணும்” என்று சொல்லிப் பழைய வரியை வெட்டிக் கையொப்பமிட்டு, புதிய அட்டை எழுதினார்.

மாமி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப, புள்ளைட வயித்துல ஒண்டும் இல்லையா?”

“இல்ல மாமி. என்ட புண்ணுல வந்த இரத்தத்தத்தான் குடிச்சிருக்கான்.”

“அந்தப் புண்ண ஏன்டி என்கிட்ட சொல்லல்ல?” கோபம்தான். ஆனாலும் பிள்ளையை வாங்கிக்கொண்டு, அவளைக் கதிரையில் உட்கார வைத்தார்.

நான் கீழே வந்து, விழுங்கிய தாயின் இரத்தத்துக்கான குறியீட்டை, பீ எழுபத்தெட்டு தசம் இரண்டு என்று எழுதினேன். அந்தக் குறியீட்டை அதற்கு முன் நான் போட்டதே இல்லை. பக்கத்தில் என் கையொப்பத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.