ஜன்னலோரத்து ஓஸ்வால்ட்

பிரேசர் டவுனில் இருக்கும் குளோரியாவின் பழைய மாடிவீடு ஒன்பது பேய்ப் படங்களில் நடித்திருக்கிறது. அவற்றில் ஒன்றைக்கூட குளோரியா பார்த்ததில்லை. பேய் என்றால் அவளுக்கு அத்தனை பயம்.

ஒவ்வொரு படப்பிடிப்பு முடிந்து வண்டிகள் கிளம்பியதும், கோயிலில் ஃபாதர் மந்திரித்துக் கொடுத்த தீர்த்தத்தை எடுத்துக்கொண்டு அறை அறையாகத் தெளிப்பாள்.

"படத்துக்காரங்க கொண்டாந்தது எதுனா இங்கயே தங்கிட்டா?" என்பாள்.

"உன்கூட தங்கறதுக்கு பேய்க்கு எங்க தைரியம்?" என்று கணவர் ஓஸ்வால்ட் சிரிப்பார்.

போன வருஷம் இயக்குநர் ரயான் வேறு மாதிரி கேமராவோடு வந்தான். மூலை முடுக்கெல்லாம் படம்பிடித்து வீட்டை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வானாம். இனி ஷூட்டிங்குக்கு வரவே வேண்டாமாம். பக்கவாதத்தில் விழுந்திருந்த ஓஸ்வால்ட் மாடி ஜன்னலோரத்து நாற்காலியை விட்டு எழ மறுத்துவிட்டார். "என் வூட்டுல நான் எதுக்கு எழுந்துக்கணும்?" என்றார். அவரை அப்புறம் கம்ப்யூட்டரில் அழித்துக்கொள்ளலாம் என்று ரயானும் விட்டுவிட்டான். அந்த மழைக்காலத்திலேயே ஓஸ்வால்ட் போய்ச் சேர்ந்தார்.

போன வாரம் ஒரு மத்தியானம் ரயான் லேப்டாப்போடு வந்தான். படத்தில் வீடு இருட்டிக் கிடந்தது. மாடி ஜன்னலில் ஓஸ்வால்ட் உட்கார்ந்திருந்தார்.

"அழிக்க மறந்துட்டோம் ஆன்ட்டி. நாலு பேருக்குப் போட்டுக் காட்டினோம், அங்கிளப் பாத்து எல்லாரும் அலறிட்டாங்க. நீங்க சொன்னா எடுத்துடறேன்."

"என் புருஷன் பேயா? எடுத்துடு" என்று குளோரியா சீறினாள். ஓர் ஈயைக்கூட அதட்டாத மனுஷனைப் பார்த்து அலறினார்களாமே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ரயான் லேப்டாப்பை மூடப்போனான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு. முடிவுல என்ன ஆவும்? ஃபாதர் வந்து சிலுவையக் காட்டி ஓட்டுவாரா?"

அவள் வீட்டில் எடுத்த ஒன்பது படங்களிலும் அப்படித்தான் நடந்தது. படப்பிடிப்பில் அவள் எட்டிப்பார்த்த அந்த ஃபாதர்களில் ஒருவருக்கும் சிலுவை அடையாளம் ஒழுங்காகப் போடத் தெரியவில்லை என்பது அவளுக்குத் தீராத குறை.

"இப்ப யாரும் அப்படி எடுக்கறதில்ல ஆன்ட்டி. ஓட்டறதப் பாத்து ஜனங்களுக்கு அலுத்துப்போச்சு. இதுல அவரு போவமாட்டாரு. கடைசி வரைக்கும் அங்கயே இருப்பாரு. வூட்டுல இருக்கறவங்கதான் பழகிக்கணும்."

"யாரும் ஓட்டமாட்டாங்களே?"

"மாட்டாங்க."

"அப்ப இருக்கட்டும்."

அவன் போனதும் பழக்க தோஷத்தில் தீர்த்த பாட்டிலை எடுத்துக்கொண்டு கீழ் அறைகளுக்குத் தெளித்தாள். மாடிக்கு வந்தாள். ஜன்னலோரத்து நாற்காலி காலியாக இருந்தது. அழுகை வந்தது. பாட்டிலை மூடி எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள்.

தங்கினால் தங்கட்டும்.