கண்ணால் வாசித்த பாட்டு

என் வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய்விட்டன. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், ரிட்டயர் ஆகும்வரை தையல் மெஷினில் தோலை இழுத்துப் பிடித்த கை அது. மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, லேட்டாக வந்திருக்கிறீர்கள் என்றார் வேலூர் டாக்டர். ஆபரேஷன் செய்தால் வலி போகும், உணர்ச்சி திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். வலி போனது. உணர்ச்சி திரும்பவில்லை.

ஜாக்கெட்டுக்கு ஊக்கு போடுவதையும் வெங்காயம் நறுக்குவதையும் எப்படியோ சமாளித்துக்கொண்டேன். என் கவலையெல்லாம் ஆர்மோனியம்தான். நான் பெரிய வித்வான் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் வாசிப்பேன், என் தோழி பாடுவாள். கம்பெனியில் அவளுக்குப் பக்கத்து மெஷின் எனக்கு. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் வாசிப்பேன். அவள் மூச்சு எடுக்கப் போகிறாள் என்பது கண்ணிலேயே தெரியும், அந்த இடத்தில் என் விரலும் நிற்கும். கட்டைகளைக் குனிந்து பார்த்ததே கிடையாது.

மரத்த பிறகு விரல் எந்தக் கட்டையில் இருக்கிறது என்று கை சொல்வதில்லை. கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். குனிந்த தலை நிமிராமல் வாசித்தேன். மற்றவர்கள் வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். அவள் விடவில்லை.

"இன்னாடி, இப்பல்லாம் என் மூஞ்சியவே பாக்க மாட்டேன்ற?"

அவளிடம் மட்டும் சொன்னேன். என் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தாள். கடைசி இரண்டு விரல்களுக்கு மட்டும்தான் வலித்தது.

அப்போதே அவளுக்கு உடம்பு சரியில்லை. ஒருநாள் படுக்கையிலிருந்தே சொன்னாள். "என் சாவுக்கு நீதான் பொட்டி வாசிக்கணும். அந்தக் கீபோர்டு பசங்க வேணாம், கல்யாண ஊடு மாதிரி ஆக்கிடுவானுங்க."

"நீ மொதல்ல போய்ச் சேரு, அப்புறம் பாக்கலாம்" என்றேன். சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, நிற்க நேரமாயிற்று.

போன மழைக்காலத்தில் போய்விட்டாள். வீட்டுக் கூடத்தில் சவப்பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் ஒரு ஸ்டூல் மேல் ஆர்மோனியத்தை வைத்துக் கொடுத்தார்கள். அவளுக்குப் பிடித்த கீர்த்தனையைத் தொடங்கினேன். முதல் சரணம் ஒழுங்காகப் போனது. இரண்டாவதில் அவள் வழக்கமாக மூச்சு எடுக்கும் இடம் வந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெள்ளைக் கட்டையும் கறுப்புக் கட்டையும் கலங்கி, ஒரு ஸ்வரம் தப்பியது. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அழுதால் கட்டை தெரியாது. கட்டை தெரியாவிட்டால் அவள் கேட்டது நடக்காது. புறங்கையால் கண்ணை அழுத்தித் துடைத்தேன், உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவள் முகத்தின் பக்கம் திரும்பவே இல்லை. கடைசி சரணம்வரை வாசித்து முடித்தேன்.

பெட்டியைத் தூக்குகிற சமயம் அவள் மகள் என்னருகே வந்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"எங்கம்மா உங்க மேல உசுரையே வெச்சிருந்தாங்க ஆன்ட்டி. அவங்க மூஞ்சிய ஒரு தடவகூட நீங்க பாக்கலியே."

சுருக்கென்று தைத்தது. கோபமும் வந்தது. ஆனால் தாயைப் பறிகொடுத்தவளிடம் என் கையை நீட்டி வியாக்கியானம் செய்யவா முடியும்? தலையை ஆட்டினேன்.

கல்லறைத் தோட்டத்தில், குழியில் இறக்குவதற்கு முன்னால் பெட்டியின் மூடியை ஒருமுறை திறந்தார்கள். "மொகம் பாக்கறவங்க பாத்துக்கோங்க" என்றார் சர்ச்சில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை.

அங்கே ஆர்மோனியம் இல்லை. குனிந்து அவள் முகத்தை ஆசை தீரப் பார்த்தேன். பழக்கத்தில் வலது கையால் கன்னத்தைத் தொட்டேன். விரல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் எப்போதும்போல் இருப்பதாகவே ஒரு கணம் தோன்றியது.

பிறகு இடது கையை வைத்தேன். சில்லென்றிருந்தது. வாய்விட்டு அழுதேன்.