மருந்தடிக்காத வரிசை

ஊரெல்லாம் பூச்சி வரக்கூடாதென்று சாமி கும்பிடும். நான் வரவேண்டுமென்று கும்பிடுகிறவள். மைசூருக்கு வெளியே ஒரு பண்ணையில் பருத்தி ரகம் உருவாக்குவது என் வேலை. பூச்சியே வராத வயலில் எந்தச் செடி தாங்கும் என்று எப்படித் தெரியும்? அதனால் இலைச்சாற்றை உறிஞ்சிக் கருகவைக்கும் தத்துப்பூச்சிக்குப் பிடித்த வெண்டையைச் சுற்றிலும் நட்டு, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத குறையாக அழைப்போம். மருந்து ஒரு சொட்டு கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க மற்ற ரகங்களும் பக்கத்திலேயே நிற்கும்.

பல வருஷமாக இனக்கலப்புச் செய்து பொறுக்கியெடுத்த என் செடிகளுக்கு இலையெல்லாம் சுணை. தொட்டால் அப்பாவின் மழிக்காத தாடை மாதிரி இருக்கும். அந்தச் சுணையில் பூச்சி தங்காது என்று நான் அடித்துச் சொல்லியிருந்தேன். மறுநாள் தலைமை விஞ்ஞானி பார்க்க வருகிறார். இலை கருகியிருந்தால் என் வரிசையைப் பிடுங்கி எறியவேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் ஹனூரிலிருந்து அப்பா வந்தார். ஆயுசு முழுக்கப் பருத்தி போட்ட மனுஷன். வயலைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"ஏன் அம்மிணி, காடு இப்படிக் கருகிக் கெடக்குது! நாலு பேரு பாத்தா காறித் துப்ப மாட்டாங்களா?"

விளக்கினேன். "செரி, செரி" என்றார்.

விடிந்ததும் போய்ப் பார்த்தால், முதுகில் ஸ்பிரேயரோடு வயலுக்குள் நிற்கிறார்! மஞ்சப்பையில் மருந்தும் கொண்டுவந்திருக்கிறார்.

"அப்பா! என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!"

"உம்பட காடு காயுதேன்னு மனசு கேக்கல அம்மிணி."

ஓடினேன். வெண்டை நனைந்திருந்தது. விளிம்பு சுருண்டு சிவந்த மற்ற ரகங்களும் நனைந்திருந்தன. நடுவில் என் வரிசை மட்டும் நனையாமல், பச்சைப்பசேலென்று நின்றது.

"இதுக்கு அடிக்கலையா?"

"அதுக்கு எதுக்கு? எலையத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், ஒரு பூச்சியில்ல. நல்லா இருக்கற செடிக்கு எவனாச்சும் மருந்தடிப்பானா?"

வாரம் தவறாமல் மருந்தடித்தே பழகின கை அது. திட்ட வாயெடுத்தவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அத்தனை பெருமை எனக்கு.

கருகின இலை மருந்துக்குப் பச்சையாகிவிடாதே. விஞ்ஞானி வந்து கருகின இலையையும் என் செடியின் இலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், என் வரிசையை அடுத்த கட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்.

அப்பாவை மைசூர் பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டேன். வண்டி நகர்வதற்குள் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஆரம்பித்துவிட்டார்: "எம்பட புள்ள ஒரு பருத்தி வளத்திருக்குதுங்க. மருந்தே வேண்டியதில்லீங்க!"

மிச்ச மருந்தை என் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.